நினைவிலிருந்து வரைந்த 80 வீடுகள்... ஒரு யாழ்ப்பாணக் கலைஞரின் ‘முடிவுறாத தோம்பு’ நமக்குச் சொல்வது என்ன?

வீக் எண்ட் வந்தால் ஈ.சி.ஆர்-ல வண்டியை விடுற ஆளா நீங்க? அப்படின்னா முட்டுக்காட்டில் இருக்கிற தட்சிணசித்ராவுக்கு ஒரு தடவையாவது போயிருப்பீங்க. செட்டிநாட்டு வீடு, அக்ரஹாரத்து வீடு, நெசவாளர் வீடு, கேரளத்து சிரியன் கிறிஸ்தவர் வீடு என்று ஒரே வளாகத்தில் தென்னிந்தியாவின் வீடுகளைச் சுற்றிப் பார்த்துவிடலாம். 1996-ல் திறக்கப்பட்ட இந்த மியூசியத்தில் இருக்கும் பல வீடுகள் ஏதோ ஒரு ஊரில் நிஜமாகவே யாரோ குடியிருந்தவை. இடிபட இருந்தவற்றைப் பிரித்து, தூணும் கதவும் ஓடுமாக ஏற்றி வந்து, இங்கே திரும்பக் கட்டினார்கள். திண்ணையில் உட்கார்ந்து செல்ஃபி எடுத்துக்கலாம். முற்றத்தில் நின்று வானம் பார்க்கலாம்.

வீட்டைப் பிரித்து எடுத்து வர முடிந்தால் இது சாத்தியம். வீடே இல்லாமல் போய்விட்டால்? குண்டு விழுந்து போன வீடு, ராத்திரியோடு ராத்திரியாக விட்டு ஓடிவந்த வீடு, இன்றைக்கும் ராணுவ வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீடு... இதையெல்லாம் எந்த மியூசியத்தில் வைப்பது?

இந்தக் கேள்விக்கு ஒரு கலைஞர் பதில் சொல்லியிருக்கிறார். அவர் பெயர் தா.சனாதனன். ஊர், யாழ்ப்பாணம். அரசியல் பேசும் இன்ஸ்டலேஷன் கலை என்றாலே ‘நமக்குப் புரியாதுப்பா’ என்று நகர்ந்துவிடுபவர்களுக்கு, இவருடைய வேலையிலிருந்து தொடங்குவது நல்லது. ஏன் என்றால், இதைப் புரிந்துகொள்ள உங்களுக்கு ஒரு வீடு ஞாபகம் இருந்தால் போதும்!

முதலில், இன்ஸ்டலேஷன்னா என்ன?

தமிழில் இதை நிறுவல் கலை என்கிறார்கள். ஓவியம் சுவரில் தொங்கும், நீங்கள் எதிரே நின்று பார்ப்பீர்கள். சிற்பம் பீடத்தில் நிற்கும், நீங்கள் சுற்றி வருவீர்கள். இன்ஸ்டலேஷனில் அந்த இடமே படைப்பு. நீங்கள் அதற்குள் நடப்பீர்கள், டிராயரை இழுப்பீர்கள், சத்தம் கேட்பீர்கள், சில சமயம் வாசனைகூட பிடிப்பீர்கள். பயன்படுத்தும் பொருட்களும் பெரும்பாலும் நாம் தினம் பார்ப்பவைதான்: நாற்காலி, பாட்டில், பழைய துணி, ஃபைல்.

அரசியல் இதில் எப்படி வருகிறது? ஒரு உலக உதாரணம். 2008-ல் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் பெரிய நிலநடுக்கம். மோசமாகக் கட்டப்பட்ட பள்ளிக் கட்டடங்கள் சரிந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இறந்துபோனார்கள். எத்தனை பேர், யார் யார் என்ற கேள்விக்கு அரசிடமிருந்து நேரான பதில் வரவில்லை. ஆய் வெய்வெய் என்ற கலைஞர் தன்னார்வலர்களை அனுப்பி வீடு வீடாக விசாரித்து 5,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் பெயர்களைத் திரட்டினார். 2009-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடந்த அவருடைய தனிநபர் கண்காட்சியில், கண்காட்சிக் கட்டடத்தின் முகப்பு முழுக்க 9,000 ஸ்கூல் பைகளை மாட்டிவைத்தார். மகளை இழந்த ஒரு தாய் சொன்ன வாக்கியம், வண்ணப் பைகளாலேயே சீன எழுத்தில் அங்கே எழுதப்பட்டிருந்தது.

அதில் யாரையும் திட்டவில்லை, கோஷம் போடவில்லை. பை இருக்கு, பிள்ளை எங்கே? பார்க்கிறவர் மனதில் அந்தக் கேள்வி தானாக வந்துவிடும். அரசியல் பேசும் நல்ல இன்ஸ்டலேஷன் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது.

யார் இந்த சனாதனன்?

தாமோதரம்பிள்ளை சனாதனன் 1969-ல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். டெல்லியில் ஓவியம் படித்தார். ஊர் திரும்பி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கிறார். போர் நடந்த வருஷங்களின் பெரும்பகுதியில் அங்கேயே இருந்தவர் என்பதால், அவர் கண்ணில் பட்ட ‘செய்தி’ வேறு மாதிரி இருந்தது. வெளியே இருந்த நமக்கு அது வரைபடத்தில் முன்னும் பின்னும் நகர்கிற கோடு, எண்ணிக்கை, தலைவர்களின் பேச்சு. உள்ளே இருந்தவர்களுக்கு அது மண்ணெண்ணெய் கிடைக்குமா, பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கும், கிளம்பும்போது எதை எடுத்துப் போவது, எதைக் கிணற்றடியில் புதைத்துவிட்டுப் போவது என்ற கணக்கு.

அந்தக் கணக்குகளைத்தான் அவர் தொடர்ந்து சேகரித்துவருகிறார். தான் மட்டும் அறையில் உட்கார்ந்து உருவாக்காமல், ஊர்க்காரர்களிடம் கேட்டு வாங்கி, அவர்கள் கையாலேயே செய்ய வைத்து, அதைப் படைப்பாக அடுக்குகிறார். அதில் அதிகம் பேசப்பட்டதுதான் 2011-ல் வெளிவந்த ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’. தமிழில் சொன்னால், முடிவுறாத தோம்பு.

தோம்புன்னா?

பழைய காணிப் பதிவேடு. போர்த்துக்கீசிய மொழியில் ‘தோம்போ’ என்றால் ஆவணப் பதிவேடு. இலங்கையை ஆண்ட போர்த்துக்கீசியர்கள் யாரிடம் எவ்வளவு நிலம் என்று எழுதிவைக்கத் தொடங்கியபோது இந்தச் சொல் அங்கே வந்தது. 1658-ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் இன்னும் கறாராக, நிலத்துக்கு ஒரு தோம்பு, ஆட்களுக்கு ஒரு தோம்பு என்று எழுதினார்கள். வரி வாங்க வேண்டுமே! நம்ம ஊர் பட்டா, சிட்டா, அடங்கல் மாதிரி, ‘இது இன்னாருக்குச் சொந்தம்’ என்று அரசாங்கம் ஒத்துக்கொள்கிற காகிதம் அது.

சனாதனன் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட தலைகீழான ஒரு பதிவேடு தயாரித்தார். போரால் இடம்பெயர்ந்த, வடக்கையும் கிழக்கையும் சேர்ந்த தமிழ் பேசும் மக்களைச் சந்தித்தார். இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் என எல்லோரும் அதில் உண்டு. ‘நீங்கள் விட்டுவந்த வீட்டின் பிளானை ஞாபகத்திலிருந்து வரைந்து கொடுங்கள்’ என்பதுதான் அவர் கேட்டது. அப்படிச் சேர்ந்தவை 80 வீடுகள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று படங்கள். ஒன்று, அந்த வீட்டுக்காரரே வரைந்த கோணல்மாணலான வரைபடம். இரண்டாவது, அதைக் கட்டடக் கலைஞரின் முறைப்படி அளவும் கோடுமாகத் திருத்தி வரைந்த பிளான். மூன்றாவது, அவர்கள் சொன்ன கதையைக் கேட்டு சனாதனன் வரைந்த ஓவியம். கூடவே, அந்த வீட்டைப் பற்றிய சிறு குறிப்பு. மொத்தமும் ஒரு அரசு அலுவலக ஃபைல் போலத் தைக்கப்பட்ட புத்தகம். ‘ரேக்கிங் லீவ்ஸ்’ என்ற பதிப்பகம் இதை வெளியிட்டது. கலைஞர்களின் படைப்பையே புத்தக வடிவில் உருவாக்குவது அவர்கள் பாணி. அதனால் இதைக் கண்காட்சி பற்றிய புத்தகம் என்று சொல்வதைவிட, கையில் எடுத்துப் புரட்டக்கூடிய தனிநபர் கண்காட்சி என்று சொல்வதே பொருத்தம்.

மூன்று படத்துக்கும் நடுவில்தான் விஷயம்!

வீட்டுக்காரர் வரைந்த படத்தையும், கட்டடக் கலைஞர் வரைந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்னது அளவில் சரியாக இருக்கும். ஆனால், ஞாபகத்துக்கு ஸ்கேல் கிடையாது. நமக்கு முக்கியமான இடம் பெரிதாக வந்துவிடும், மற்றது சுருங்கிவிடும். உங்கள் சின்ன வயசு வீட்டை வரையச் சொன்னால் கொல்லைப்புறத்துக் கிணறு ஹாலைவிடப் பெரிதாக வரலாம். அம்மா சமைத்த இடம் வீட்டின் பாதியை எடுத்துக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்தில் வீடு என்றால் நாலு சுவரோடு முடிவதில்லை. அதைச் சுற்றிய நிலத்துக்கு ‘வளவு’ என்று தனிச் சொல்லே இருக்கிறது. வேலி, கிணறு, பனை, தென்னை, மாமரம் எல்லாம் வளவுக்குள்தான். வீட்டுப் பத்திரத்தை அங்கே ‘உறுதி’ என்பார்கள். அழகான சொல் இல்லையா? ஆனால், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும்போது அந்த உறுதியை எத்தனை பேரால் எடுத்துப் போக முடிந்திருக்கும்?

1990 அக்டோபரில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். 1995 அக்டோபர் 30 அன்று, ராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாண நகரமும் வலிகாமமும் ஒரே இரவில் காலியாகின. லட்சக்கணக்கானவர்கள் மழையில் நடந்தே போனார்கள். வலிகாமம் வடக்கில் பெரும்பரப்பு, 1990 முதல் உயர் பாதுகாப்பு வலயம் என்று ராணுவத்தின் கையில் போனது. போர் 2009-ல் முடிந்த பிறகும் அந்த நிலங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவிக்கப்பட்டன. வீட்டைத் திரும்பக் கேட்டுப் போகிறவரிடம் அலுவலகம் முதலில் கேட்பது, ‘ஆதாரம் எங்கே?’

இப்போது அந்த ஃபைல் வடிவத்தைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். எந்த அலுவலகமும் ஏற்றுக்கொள்ளாத ஆதாரங்களை, அலுவலகம் பயன்படுத்தும் அதே வடிவத்தில் அடுக்கித் தருகிறார் சனாதனன். தமிழரை விரட்டியது யார், முஸ்லிம்களை விரட்டியது யார் என்று தரப்பு பிரித்து அடுக்காமல், விட்டு வந்த வீடுகளாகவே அடுக்குகிறார். ஒரு தரப்பின் துயரத்தை மட்டும் பேசிப் பழகிய எல்லோருக்குமே அது கொஞ்சம் சங்கடம்தான். இந்தப் படைப்பின் அரசியல் அங்கேயும் இருக்கிறது.

எரிந்த நூலகமும் கார்டு அலமாரியும்

1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது நமக்குத் தெரியும். சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அந்த நூலகக் கட்டடம் புதுப்பிக்கப்பட்ட பிறகு, 2004-ல் அங்கேயே ஒரு நிறுவலைச் செய்தார் சனாதனன். பெயர், ‘வரலாறுகளின் வரலாறு’. யாழ்ப்பாணத்து மக்களிடம் அவரவர் வாழ்க்கையோடு சம்பந்தப்பட்ட பொருட்களைக் கேட்டு வாங்கி, காட்சிக்கு வைத்தார். புத்தகம் எரிந்த இடத்தில் மக்களின் பொருட்களே புத்தகங்களாக வந்து உட்கார்ந்த மாதிரி.

2016-ல் கொச்சி பினாலேயில் அவர் வைத்தது ஒரு அலமாரி. கம்ப்யூட்டர் வருவதற்கு முன் நூலகங்களில் இருக்குமே, குட்டிக் குட்டி டிராயர்கள், உள்ளே கார்டுகள்... அதேதான்! பெயர், ‘எதிர்ப்பின் அலமாரி’. டிராயரை இழுத்தால் புத்தகத்தின் பெயருக்குப் பதில், போர்க்காலத்தில் சாதாரண மக்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்ற குறிப்புகள். பொருளாதாரத் தடை இருந்த அந்த வருஷங்களில் யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் மின்சாரம் கிடையாது, பெட்ரோல் அரிது. ஜாம் பாட்டிலில் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போட்டு விளக்கு செய்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டார்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. துப்பாக்கி எடுத்தவர்கள் மட்டும்தான் எதிர்த்தார்கள் என்று யார் சொன்னது? ராத்திரி விளக்கு எரிந்து பிள்ளை படித்ததே, அதற்குப் பெயர் என்ன என்று அந்த அலமாரி கேட்கிறது.

செங்கல்பட்டுக்கு இதில் என்ன வேலை?

நிறையவே இருக்கு. ஈழத்திலிருந்து கிளம்பிய பலருக்கு அடுத்த முகவரி தமிழ்நாடுதான். ‘செங்கல்பட்டு’ என்ற பெயரைச் சொன்னால் நமக்கு ரயில் ஜங்ஷனும் கொளவாய் ஏரியும் ஞாபகம் வரும். ஈழத் தமிழர்களில் பலருக்கு ஞாபகம் வருவது, அங்கே பல ஆண்டுகள் இயங்கிய ‘சிறப்பு முகாம்’. வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் ஈழத் தமிழர்களை அடைத்துவைத்திருந்த இடம். பெயரில் முகாம், நடைமுறையில் சிறை. விடுவிக்கச் சொல்லி உள்ளே இருந்தவர்கள் பல முறை உண்ணாவிரதம் இருந்திருக்கிறார்கள். அதைப் பற்றிய செய்திகளை நாமும் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறோம்.

சாதாரண அகதி முகாம்கள் தமிழகத்தில் நூற்றுக்கும் மேல். 2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு அவற்றின் பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. 317 கோடி ரூபாய்த் திட்டத்தில், பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகவும் அறிவித்தது. நல்ல விஷயம். ஆனால், 1983-க்குப் பிறகு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கேயே பிறந்தவர்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழர்களுக்கு இடம் தரப்படவில்லை. ‘உங்க வீட்டை வரைஞ்சு காட்டு’ என்று முகாமில் பிறந்த ஒரு இருபது வயதுப் பெண்ணிடம் சொன்னால் அவள் எதை வரைவாள்? பாட்டி சொன்ன வளவையா, தான் வளர்ந்த ஒற்றை அறையையா? தோம்பு ஏன் ‘முடிவுறாதது’ என்பது இந்த இடத்தில் இன்னும் நன்றாகப் புரியும்.

அகதிகளை விடுங்கள். இந்தக் கடற்கரையிலேயே கேட்டுப் பார்க்கலாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கோவளம் முதல் மாமல்லபுரம் தாண்டிய குப்பங்கள் வரை வீட்டை இழந்தவர்கள் உண்டு. கடல் புகுந்த வீட்டில் பத்திரம், ரேஷன் கார்டு, கல்யாண போட்டோ எதுவும் மிஞ்சாது. படகும் வலையும் கிடந்த மணலுக்குப் பட்டா கேட்டால் என்ன செய்வது? ஒரு மீனவக் கிராமத்து ஆயாவிடம் பேப்பரும் பென்சிலும் கொடுத்து உட்கார்ந்தால், நமக்கும் ஒரு தோம்பு கிடைக்கும்.

அடுத்த முறை ஒரு இன்ஸ்டலேஷனைப் பார்க்கப் போனால்...

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, ‘புரியலையே’ என்று வெளியே வர வேண்டியதில்லை. நான்கு விஷயங்களை மட்டும் கவனியுங்கள்.

பொருள்: என்னென்ன பொருட்கள் வைத்திருக்கிறார்கள்? அவை எங்கிருந்து, யாரிடமிருந்து வந்தவை? ஸ்கூல் பை, கார்டு அலமாரி, ஃபைல்... பாதி அர்த்தம் பொருளிலேயே இருக்கும்.

இடம்: ஏன் இங்கே? சனாதனன் மக்களின் பொருட்களை நூலகத்தில் வைத்ததற்கும் ஒரு ஏ.சி கேலரியில் வைப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

எண்ணிக்கை: ஒரு பை வெறும் பை. 9,000 பைகள் வேறு. ஒரு வீட்டு பிளான் ஒரு குடும்பத்தின் ஏக்கம். 80 பிளான்கள் சேர்ந்தால் ஒரு நாட்டின் மீதான கேள்வி.

இல்லாதது: அங்கே யார் இல்லை, எது காலியாக விடப்பட்டிருக்கிறது? அரசியல் இன்ஸ்டலேஷனில் பெரும்பாலும் முக்கியமானது அதுதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சோகமான பொருட்களைக் குவித்துவைத்தால் மட்டும் நல்ல படைப்பு ஆகிவிடாது. அடுத்தவர் துயரத்தை அலங்காரமாக மாற்றிவிடும் ஆபத்து இதில் எப்போதும் உண்டு. ‘பொருளைக் கொடுத்தவருக்கு இந்தப் படைப்பில் பேச இடம் இருக்கா?’ என்று கேட்டுப் பாருங்கள். தோம்பில் முதல் படம் வீட்டுக்காரருடையது. கலைஞரின் ஓவியம் அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் வருகிறது. அந்த வரிசைக்கு அர்த்தம் இருக்கிறது.

எங்கே பார்க்கலாம்?

முட்டுக்காடு தட்சிணசித்ராவில் வீடுகள் மட்டுமின்றி, கண்காட்சிகள் நடக்கும் கேலரியும் இருக்கிறது. அதே சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில், ஓவியர்களே 1966-ல் உருவாக்கிய சோழமண்டலம் கலைஞர்கள் கிராமம். சென்னை கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமியிலும் அடிக்கடி கண்காட்சிகள் நடக்கும். பெரிய அளவில் பார்க்க ஆசைப்பட்டால், 2012 டிசம்பர் 12-ல் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலே இருக்கவே இருக்கு.

மாமல்லபுரம் வரை போனால், ஐந்து ரதங்களையும் ஒரு முறை வேறு கண்ணோடு பாருங்கள். அவை முழுதாகச் செதுக்கி முடிக்கப்படாதவை. ஊருக்குள் இருக்கும் பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் அப்படித்தான், பாதியில் நின்றவை. ஏன் நின்றது என்று இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம். உளி விட்ட இடம் கல்லில் அப்படியே தெரிகிறது. 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது யாரும் ‘முதலில் முடித்துவிட்டு வாருங்கள்’ என்று சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் ஒரு காகிதத்தில், நீங்கள் இப்போது இல்லாத ஒரு வீட்டை வரைந்து பாருங்களேன். விற்றுவிட்ட தாத்தா வீடு, காலி செய்த வாடகை வீடு, எதுவானாலும் சரி. ஸ்கேல் வேண்டாம், ரப்பர் வேண்டாம். வரைந்ததை அம்மாவிடமோ அண்ணனிடமோ காட்டுங்கள். ‘ஏய், கிணறு இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்!’ என்று சண்டை வரும். வரட்டும். அவர்களையும் ஒன்று வரையச் சொல்லுங்கள்.